பெயர் எழுதும் நோட்டு

இந்த ஜூனில் எங்கள் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் புதிதாக வந்த மூன்று ஆசிரியைகளுக்கு மாணவத் தலைவிகள், இல்லங்கள் (ஹவுஸ்) பொறுப்பு போனது. பத்தே நாளில் மூன்று பேரும், நான் 12 வருஷத்துக்கு முன் செய்த தப்புகளை வரிசை மாறாமல் செய்து முடித்துவிட்டார்கள். பதவியேற்பில் மைக் மக்கர் பண்ணுவது, பேட்ஜுக்கு ஊக்கு வாங்க மறப்பது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு தடவை மானம் போனால் தானாகச் சரியாகிவிடும். மற்ற தப்புகள் இவை.

முதல் ரேங்க்தான் தலைவி

வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் நம்புவது

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எஸ்.பி.எல். (பள்ளி மாணவத் தலைவி) நமக்கில்லை. திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆண்டு விழாவும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஒருத்தியை ஜூனிலேயே கூடப் போட்டுவிடுங்கள்.

தலைவி கையில் பெயர் எழுதும் நோட்டு

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான்.

நான் முதலில் தேர்ந்தெடுத்த எஸ்.பி.எல்.லுக்குக் கணீர்க் குரல். பிரேயரில் அவள் ஒரு அதட்டல் போட்டால் மைதானமே நிமிரும். அவளிடம் ஒரு நீள நோட்டைக் கொடுத்தேன். லேட்டாக வந்தவள், ரிப்பன் கட்டாதவள், நகப்பூச்சு போட்டவள், கொலுசு சத்தத்தோடு நடந்தவள், வகுப்பில் பேசியவள் எல்லார் பெயரும் அதில் ஏற வேண்டும். இரண்டே வாரத்தில் பள்ளி கப்சிப். தலைமையாசிரியை எல்லார் முன்பும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகஸ்டில்தான் கவனித்தேன். மதியச் சாப்பாட்டை அவள் வேப்பமரத்தடியில் தனியாகச் சாப்பிடுகிறாள். அவள் தலை தெரிந்தாலே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கனகாம்பரத்தைப் பிடுங்கிப் பைக்குள் திணிக்கிறார்கள். நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் அவளுடைய உயிர்த்தோழியின் பெயர். எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தாள்.

அப்புறம் ஒருநாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிரேயருக்கு வரவில்லை. பெயர் நோட்டில் ஏறிவிட்டது. சாயந்திரம்தான் விஷயம் தெரிந்தது. பிள்ளை வயதுக்கு வந்திருக்கிறாள். யாரிடம் சொல்வதென்று தெரியாமல் கழிப்பறையிலேயே நின்றிருக்கிறாள். “அக்காகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன். “அக்கா பேர் எழுதிருவாங்களே டீச்சர்.”

டீச்சர் காதுக்கு வராத சங்கதிகள் பெரிய அக்காக்கள் காதுக்கு வரும். வயிற்றுவலி, பஸ்ஸில் பின்னால் வந்து நிற்கிறவன், வீட்டில் பேச்சு நடக்கிற கல்யாணம். அந்த ஒரு வழியை நானே மண்ணைப் போட்டு மூடியிருந்தேன். அந்த வருஷ விளையாட்டு விழா அணிவகுப்புக்கு எஸ்.பி.எல். வகுப்பு வகுப்பாகப் போய்க் கூப்பிட்டாள். மிரட்டினால்தான் வந்தார்கள். வந்தவர்களும் கடனே என்று கை வீசினார்கள். பள்ளிமேல் பற்று வேண்டுமென்று மேடையில் பேசியது நான்தான்!

அடுத்த வருஷம் நோட்டை நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். புதுயுகம் திட்டத்தில் வரும் நாப்கின் பொட்டலங்கள் வைத்திருக்கும் அலமாரிச் சாவி. எஸ்.பி.எல்.லிடம் கேட்டால் போதும், டீச்சரிடம் வர வேண்டியதில்லை. ரிப்பன் பார்க்கக் காலையில் நானே கேட்டில் நிற்கிறேன். அது சம்பளம் வாங்குகிறவர்கள் வேலை.

போன வாரம் புது ஆசிரியை ஒருவர் நீள நோட்டு வாங்கி, அட்டை போட்டு, லேபிளும் ஒட்டிக் கொண்டுவந்தார். வாங்கி என் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

தலைவியின் பேச்சை நீங்களே எழுதுவது

அவள் உளறட்டும். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

ஏ செக்‌ஷன் ஒரு இல்லம், பி செக்‌ஷன் ஒரு இல்லம்

2024இல் அரசுப் பள்ளிகளுக்கு, பிள்ளைகளை இல்லங்களாகப் பிரிக்கும் மகிழ் முற்றம் திட்டம் வந்ததிலிருந்து குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து இல்லங்கள். வேலை மிச்சம் என்று செக்‌ஷன்படி பிரித்தால், ஏற்கெனவே இருக்கும் தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் சண்டைக்குக் கொடி தைத்துக் கொடுத்த மாதிரி. ஒவ்வொரு வகுப்பிலும் வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிக்கொண்டே போங்கள், முடிந்தது.

ஒரு சிக்கல் மட்டும் வரும். “எங்களுக்கு மட்டும் ஏன் டீச்சர் பாலைவனம்?” என்று பாலை இல்லத்துப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்தால் பாலைதான், அவர்களே உங்கள் சொந்தக்காரர்கள்தானடி என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர்தான் சமாதானமானார்கள்.