பேக்கப், சப்ளை, ஷெட்யூல், டிரான்ஸ்ஃபர்: வேலையிடத்து ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். நர்சுகள், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், கிடங்கில் கணக்குப் பார்ப்பவர்கள், கப்பலில் போகிறவர்கள். ஊரிலேயே இருந்து ரப்பர் ஷீட், முந்திரி, தேன் என்று வெளியே அனுப்புகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பப் பேச வேண்டியது சில விஷயங்கள்தான்: சரக்கு எப்போது வரும், பொறுப்பை யார் வாங்கிக்கொள்வார், நகல் எங்கே இருக்கிறது.

இதில் வரும் தவறுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கேட்கிறவர் காதில் சற்று உறுத்திவிட்டுப் போய்விடும். மற்றொன்று, அவரை நாம் சொல்லாத வேலையைச் செய்ய வைத்துவிடும். முதல் வகைக்காகக் கூச்சப்பட்டு வாய் மூடி இருப்பவர்கள், இரண்டாவது வகையைக் கவனிப்பதே இல்லை. முதலில் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

பெரிய சிக்கல் ‘பை’, ‘அன்டில்’ என்ற இரண்டு சின்னச் சொற்களில் இருக்கிறது. “திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கு” என்றால் நமக்கு அது கெடு. அந்தப் பழக்கத்தில் “ஐ வில் சென்ட் த ஷீட்ஸ் அன்டில் மண்டே” என்று எழுதிவிடுகிறோம். வாங்குகிறவருக்கு அது, திங்கள் வரை தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருப்பேன், அப்புறம் நிறுத்திவிடுவேன் என்று படும். ஒரு வேலை ஒரு நாளுக்குள் முடிய வேண்டும் என்றால் ‘பை மண்டே’. ஒரு நிலை அதுவரை நீடிக்கும் என்றால் ‘அன்டில் மண்டே’. நர்ஸ் ஒருவர் தோழியின் டியூட்டியை ஆறு மணி வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, ‘அன்டில் சிக்ஸ்’தான் சரி. எதிர்மறையில் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். “த ஸ்டாக் வோன்ட் அரைவ் அன்டில் மண்டே” என்றால் திங்கட்கிழமைதான் வரும், அதற்கு முன் வராது என்று பொருள். திங்களன்றும் வராது என்று நினைத்து வேறு இடத்தில் ஆர்டர் போட்டுவிடக் கூடாது. இதோடு சேர்ந்ததுதான் ‘இன் டூ டேஸ்’. இரண்டு நாள் கழித்து என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். இரண்டு நாளுக்குள் என்றால் ‘வித்தின்’ போட்டுவிடுங்கள்.

அடுத்தது நாளை மாற்றுவது. ‘பிரீபோன்’ என்ற சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம்பெற்ற சொல்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்தியாவுக்கு வெளியே பலருக்கு அது பழக்கமில்லை. ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்றால் முன்கூட்டியே வைப்பது, ‘புஷ் பேக்’ என்றால் தள்ளிப்போடுவது. ‘மூவ் ஃபார்வர்ட்’ மட்டும் வேண்டாம். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் ‘மூவ்ட் ஃபார்வர்ட்’ ஆனால் எந்தக் கிழமை என்று ஆங்கிலம் பேசுகிறவர்களிடமே ஆய்வாளர்கள் கேட்டபோது, சிலர் திங்கள் என்றார்கள், சிலர் வெள்ளி என்றார்கள். அதனால் எந்தச் சொல்லைப் போட்டாலும் கிழமையையும் தேதியையும் கூடவே எழுதுங்கள். மாதத்தை எண்ணாக இல்லாமல் பெயராக எழுதுங்கள். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4.

பேக்கப்பில் எழுத்துப்பிழை சின்ன விஷயம். பெயர்ச்சொல்லாக வந்தால் சேர்த்து எழுத வேண்டும், வினையாக வந்தால் பிரித்து எழுத வேண்டும், இறந்தகாலம் ‘பேக்ட் அப்’. ‘பேக்கப்டு’ என்று ஒன்று கிடையாது. உண்மையான ஆபத்து ‘ரிவர்ட்’ என்ற சொல்லில் இருக்கிறது. நம் அலுவலகக் கடிதங்களில் ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்றால் பதில் போடுங்கள் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் வேலையில் அதே சொல், செய்த மாற்றத்தை எடுத்துவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுபோ என்று பொருள்படும். மாலைக்குள் ‘ரிவர்ட்’ என்று எழுதினால், வெளிநாட்டில் இருக்கும் எஞ்சினியர் நாள் முழுக்கச் செய்த வேலையை அழித்துவிட்டு வந்து நிற்கலாம். ‘ரிப்ளை’ என்றே எழுதுங்கள். ‘காப்பி’யும் ‘மூவ்’வும் இப்படித்தான். காப்பி என்றால் பழைய இடத்திலும் ஃபைல் இருக்கும், மூவ் என்றால் அங்கே இருக்காது. பேக்கப் எடுக்கச் சொல்லும்போது மூவ் என்று சொல்லிவிட்டால் கடைசியில் ஒரே ஒரு நகல்தான் மிஞ்சும்.

டிரான்ஸ்ஃபரில் நம் ‘மாத்து’தான் காலை வாரிவிடுகிறது. பணத்தை மாத்து, பேஷண்டை மாத்து, கிளையை மாத்து என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல் நமக்குப் போதும். அதையே ‘சேஞ்ச்’ என்று போட்டால் ஆங்கிலத்தில் வேறாகிவிடும். ‘சேஞ்ச் த மணி’ என்றால் ரூபாயை திர்ஹாமாக்குவது போல நாணயம் மாற்றுவது; கணக்குக்கு அனுப்புவது ‘டிரான்ஸ்ஃபர்’. ‘ஐ சேஞ்ச்ட் த பேஷண்ட்’ என்று நர்ஸ் சொன்னால், நோயாளியின் உடையை மாற்றியதாக எடுத்துக்கொள்வார்கள். வேறு வார்டுக்குக் கொண்டுபோனால் ‘டிரான்ஸ்ஃபர்ட்’ அல்லது ‘மூவ்ட்’. டியூட்டி முடிந்து பொறுப்பை ஒப்படைத்தால் ‘ஹேண்டட் ஓவர்’, ‘ஹேண்டோவர்டு’ அல்ல.

சப்ளையில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்று உண்டு. எல்லை தாண்டி கேரளாவில் படித்த பிள்ளைகள் தோற்ற பாடத்தை ‘சப்ளி’ (சப்ளிமென்டரி தேர்வின் சுருக்கம்) என்பார்கள், நாகர்கோவிலில் படித்தவர்கள் ‘அரியர்’ என்பார்கள். வெளிநாட்டு நேர்காணலில் ‘ஐ ஹேட் டூ சப்ளைஸ்’ என்றால் பொருள்களைப் பற்றிப் பேசுவதாக நினைப்பார்கள். ‘அரியர்ஸ்’ என்றால் கட்டாமல் விட்ட பாக்கிப் பணம் என்று நினைப்பார்கள். ‘ஐ ரீடுக் டூ எக்ஸாம்ஸ்’ (இரண்டு தேர்வை மறுபடி எழுதினேன்) என்று நேராகச் சொல்லிவிடலாம். கையுறை தீர்ந்துபோனால் ‘க்ளவ்ஸ் காட் ஓவர்’ வேண்டாம். ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் க்ளவ்ஸ்’.

ஷெட்யூலா, ஸ்கெஜூலா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். முதலாவது பிரிட்டன் உச்சரிப்பு, இரண்டாவது அமெரிக்கா, இரண்டுமே எங்கும் புரியும். ‘டேக் எ பேக்கப்’ என்பதும் அப்படியே இருக்கட்டும். கன்னியாகுமரிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் டிரைவர்களுக்கு மட்டும் ஒன்று: ‘ஸ்டெப்னி’ வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் உள்ள ஸ்டெப்னி தெருவின் பெயரிலிருந்து வந்தது, அங்கேதான் அந்த மாற்றுச் சக்கரத்தைத் தயாரித்தார்கள். நம்மிடம் அந்தப் பெயர் தங்கிவிட்டது, இன்றைய பிரிட்டன்காரருக்கு அது தெரியாமல் இருக்கலாம். ‘ஸ்பேர் வீல்’ அல்லது ‘ஸ்பேர் டயர்’ என்றால் உடனே இறங்கி வழிவிடுவார்.