செருப்பு நழுவினால் முதுகைப் படம் எடுக்காதீர்கள்

விடியும் முன்னே கம்பத்தில் ஜீப்புகள் நிரம்பிவிடும். கம்பம்மெட்டு ஏறி இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஆட்கள். சாயங்காலம் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் சிலர் எங்கள் பிசியோதெரபி அறைக்கு வருவார்கள். கை மதமதப்பு, கால் மரப்பு, தோள்பட்டை எரிச்சல். படிப்பு முடித்து எங்களிடம் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் இவர்களைப் பார்க்கும் விதத்தைக் கவனிக்கிறேன். அந்தக் காலத்தில் நான் செய்த தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். ஒத்தடத்தில் தோலைச் சுடுவது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. நோயாளி கத்துவார், மறுபடி நடக்காது. இங்கே சொல்பவற்றில் யாரும் கத்தமாட்டார்கள்.

'நரம்பு' என்றதும் நரம்பு என்று எழுதுவது

நம் ஊரில் நரம்பு என்றால் எதுவாகவும் இருக்கலாம். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்றால் ரத்தக்குழாய். 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்றால் கெண்டைக்கால் பிடிப்பு. அதனால், எந்த விரல் மரக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். சுண்டுவிரல் தப்பி, கட்டைவிரல் முதல் மோதிரவிரல் வரை என்றால் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அமுக்கம். இரவில் எழுந்து கையை உதறுகிறேன் என்று அவர்களே சொல்வார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் என்றால் முழங்கையைத் தடவிப் பாருங்கள். மூணாறு பக்கம் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர்கள், காடு வெட்டும் மிஷின் ஓட்டுகிறவர்கள் எல்லாம் மணிக்கட்டுக் கணக்கில் வருவார்கள்.

கால் தொங்கினால் முதுகில் தொடங்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். முதலில் என் மேல்தான்.

12 வருஷம் இருக்கும். ஏலக்காய் எடுக்கும் ஒரு அக்கா வந்தார். ஒல்லியான உடம்பு. "செருப்பு கால்ல நிக்க மாட்டேங்குது தம்பி" என்றார். நடக்கச் சொன்னேன். வலது பாதம் சப்பென்று தரையில் விழுந்தது. அவர் படித்தவரல்ல, நான் படித்தவன். உடனே முதுகெலும்பு 'டிஸ்க்' என்று முடிவு கட்டினேன். ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். தோட்டை அடகு வைத்து எடுத்து வந்தார். ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. நாற்பது தாண்டியவர்களை எடுத்துப் பார்த்தால், வலியே இல்லாதவர்களுக்கும் அது பெரும்பாலும் இருக்கும். எனக்கோ பரீட்சையில் பாஸான சந்தோஷம். மூன்று வாரம் இடுப்புக்கு இழுவை. கூடவே ஒரு அறிவுரை: "வேலைக்குப் போங்க, கனம் மட்டும் தூக்காதீங்க."

மூன்று வாரம் கழித்துப் பாதம் முன்னைவிட மோசம். கனம் தூக்கினீர்களா என்று கேட்டேன், அதுவும் அதட்டலாக. "ஏலக்காய் என்ன தம்பி கனம்?" என்றவர், எப்படி எடுப்பார் என்று அங்கேயே உட்கார்ந்து காட்டினார். ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு கிடக்கும். அவர் இரண்டு குதிகாலும் தரையில் பதிய, முழங்கால் முழுக்க மடங்கக் குத்தவைத்து, இடது கையால் தட்டையை ஒதுக்கி, வலது கையால் பழுத்த காயை மட்டும் கிள்ளினார். அடுத்த தூருக்கும் எழுந்திருக்கவில்லை, குந்தியபடியே நகர்ந்தார். எழுந்தால் எடை குறையும், எடை குறைந்தால் காசு குறையும்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், ஒரு எலும்பு முண்டு கையில் தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதன் கழுத்தைச் சுற்றித்தான் போகிறது. மேலே தோலும் கொஞ்சம் கொழுப்பும் தவிர மூடாக்கு கிடையாது, ஒல்லியானவர்களுக்கு அந்தக் கொழுப்பும் இல்லை. மணிக்கணக்கில் குந்தினால் அங்கே நசுங்கும். அந்த இடத்தை விரலால் தட்டினேன். "ஆத்தாடி" என்று காலை இழுத்துக்கொண்டார். பாதம் வரை கரண்டு ஓடியதாம். 1915-ல் போர்க்களத்துக் காயங்களை வைத்து டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்த சோதனை அது. செலவு ஒரு பைசா இல்லை. நான் அதை ஸ்கேனுக்கு மூன்று வாரம் கழித்துச் செய்தேன்.

சரி, முதுகா முழங்காலா என்று பிரிப்பது எப்படி? பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். முதுகில் ஐந்தாம் இடுப்பு நரம்புவேர் அடிபட்டிருந்தால் அந்த அசைவும் தளரும், முழங்காலில் அமுங்கியிருந்தால் பலமாகவே இருக்கும். ஆனால் பாதத்தை நம் கையால் நேராகத் தாங்கிக்கொண்டு சோதிக்க வேண்டும். தொங்கவிட்டுச் சோதித்தால் அதுவும் பலவீனம் போலத் தெரிந்து ஏமாற்றும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலைப் பக்கவாட்டில் தூக்கவும் சொல்லுங்கள். தூக்க முடியவில்லை என்றால் முதுகைச் சந்தேகப்படலாம். இவ்வளவுக்கும் இரண்டு நிமிஷம்.

போன மாதம் ஒரு தம்பி இதே மாதிரி ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்து இடுப்பில் கரண்டு சிகிச்சை வைத்துக்கொண்டிருந்தான். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். "கூலி சார்" என்றான். கூலி என்பது ஒரு வேலையா? குந்துகிறாரா, முட்டி போடுகிறாரா, தோளில் மூட்டையா, முதுகில் மருந்து டேங்க்கா? கேட்டால் போதாது, செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

மணிக்கட்டுப் பட்டையைக் கடையில் கொடுத்தபடியே மாட்டுவது

உள்ளே இருக்கும் தகடு பெரும்பாலும் கையை மேல்நோக்கி வளைத்தே வரும். அந்த வளைவு மணிக்கட்டுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். தகட்டை உருவி, நேராக்கி, திரும்பச் சொருகுங்கள். இரவில் போடச் சொல்லுங்கள். பகலில் அதைப் போட்டுக்கொண்டு யாராலும் வேலை செய்ய முடியாது, கழற்றிப் பையில் வைத்துவிட்டு நம்மிடம் போட்டதாகச் சொல்வார்கள்.

நரம்பு ஊசி

அது வைட்டமின் ஊசி. சத்துக் குறைவுக்கு மருந்து, அமுக்கத்தை எடுக்காது.

தடித்த நரம்பைத் தடவாமல் விடுவது

முழங்கை, முழங்கால் முண்டுப் பக்கம் நரம்பு கயிறு போலத் தடித்திருந்தாலோ, தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தாலோ தொழுநோயை நினையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம்.

இரண்டு பாதமும் ஒரே மாதிரி மரத்தால்

முதலில் சர்க்கரை பாருங்கள். பூச்சிமருந்து அடிக்கிறவரா என்றும் கேளுங்கள்.

காலோடு சிறுநீரும் தகராறு என்றால்

அன்றே ஆஸ்பத்திரி. அது நிஜமாகவே முதுகு.

'சரியாயிடும்' என்று நாள் சொல்லாமல் அனுப்புவது

வெறும் அமுக்கம் என்றால் சில வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் திரும்பும். நரம்பிழையே அறுந்திருந்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மூன்று மாதத்தில் அசைவே இல்லையென்றால் நரம்பு மருத்துவரிடம் அனுப்புங்கள், கரண்டு வைத்து இழுத்தடிக்க வேண்டாம். அதுவரை பாதம் தொங்காமல் தாங்கும் பட்டை கொடுங்கள். குந்துவதை முழுக்க நிறுத்துவதுதான் நல்லது. வேறு வழியே இல்லை என்றால் ஒரு முட்டியை ஊன்றி, கால் மாற்றி மாற்றி. முக்காலி கொடுத்துப் பார்த்தேன். அந்தச் சரிவில் அது நிற்கவில்லை, உருண்டது.

அந்த அக்கா எடுப்பு வேலையை விட்டு ஸ்டோரில் காய் தரம் பிரிக்கப் போனார், கூலி குறைவு. பாதம் எட்டு மாதத்தில் மேலே வந்தது. கட்டைவிரல் இன்றும் முழுக்கத் தூக்காது. இப்போதும் பின்னால் வார் வைத்த செருப்புதான் வாங்குகிறார்.