பேக்கேஜ் ஏசி: கேஸ் பார்க்கும் முன் கழுவிப் பாருங்கள்

பேக்கேஜ் ஏசியில் (பெரிய இடங்களைக் குளிர்விக்கும் ஏசி) குளிர்ச்சி குறைகிறது என்றதும் பலரும் முதலில் கேஜ் (கேஸ் அழுத்தமானி) மாட்டுகிறார்கள். சக்‌ஷன் பிரஷர் (கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்) இறங்கியிருந்தால் ‘கேஸ் கம்மி’ என்று முடிவு கட்டி, குளிர்விக்கும் கேஸை ஏற்றியும் விடுகிறார்கள். ஆனால் ஃபில்டரும் கூலிங் காயிலும் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) தூசியால் அடைத்துக்கொண்டாலும் சக்‌ஷன் இறங்கத்தான் செய்யும். அப்போது ஏற்றிய கேஸ், காயிலைக் கழுவிய பிறகு உபரியாகிவிடும். ஹெட் பிரஷர் (கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் கேஸின் அழுத்தம்) ஏறி எச்.பி. டிரிப் ஆகும் (அழுத்தம் மிகுந்ததும் யூனிட்டை நிறுத்தும் பாதுகாப்பு), திரவம் கம்ப்ரசருக்குத் திரும்பினால் கம்ப்ரசரே போகும். அதனால் பராமரிப்பில் முதலில் காற்று, அடுத்து தண்ணீர், பிறகு மின்சாரம், கடைசியில்தான் கேஸ்.

கை வைக்கும் முன் ஓடும் நிலையில் சில அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ரிட்டர்ன் காற்றின் (அறையிலிருந்து திரும்புவது) வெப்பநிலை, சப்ளை காற்றின் (குளிர்ந்து அறைக்குப் போவது) வெப்பநிலை, மூன்று ஃபேஸ் வோல்ட், கம்ப்ரசர் ஆம்பியர், ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) ஆம்பியர். கழுவியதால் என்ன மாறியது என்பதை இவை இல்லாமல் சொல்ல முடியாது. பிறகு ஐசொலேட்டரை (மெயின் சுவிட்ச்) அணைத்து, பூட்டு போட்டு, டெஸ்டரால் மூன்று ஃபேஸிலும் சப்ளை இல்லை என்று உறுதி செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டை அணைத்தால் யூனிட் நிற்கும், ஆனால் கான்டாக்டர் (மோட்டார்களுக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) வரை மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். கெபாசிட்டர் இருந்தால் அதையும் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவது கெபாசிட்டருக்கும் கைக்கும் கேடு.

ஃபில்டரை மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தூசி மிகுந்த இடத்தில் அதற்கும் முன்பே. கழுவும் வகையாக இருந்தால் சுத்தமான பக்கத்திலிருந்து தண்ணீரை அடியுங்கள். அழுக்குப் பக்கத்திலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே இறங்கும். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஃபில்டர் சட்டகத்தில் உள்ள அம்புக்குறி ப்ளோயரை நோக்கி இருக்கட்டும். ஃபில்டருக்கும் சேனலுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகவே போகும், தூசியும் கூடவே காயிலில் சேரும். காஸ்கெட் ஒட்டி அதை அடையுங்கள். ‘ஃபில்டர் காயும் வரை ஃபில்டர் இல்லாமல் ஓடட்டும்’ என்று விடாதீர்கள். கையிருப்பில் மாற்று செட் ஒன்று வைத்துக்கொண்டால் இந்தப் பேச்சே வராது.

காயில் கழுவுவது

இங்கேதான் அதிகப் பிழை நடக்கிறது. முதல் பிழை, காய்ந்த தூசியின் மேல் நேரடியாகத் தண்ணீர் அடிப்பது. பஞ்சும் தூசியும் நனைந்து சேறாகி ஃபின்களுக்கு (காயிலின் மெல்லிய தகடுகள்) நடுவே உட்கார்ந்துவிடும். முதலில் மென்மையான பிரஷ்ஷால் ஃபின் போகும் திசையிலேயே தேய்த்து, வாக்வம் கிளீனர் போட்டு எடுங்கள். ஃபின் வளைந்திருந்தால் சீப்பால் நிமிர்த்துங்கள். ஃபின் சீப்பு அங்குலத்துக்கு 12, 14 என்று ஃபின் எண்ணிக்கைக்குத் தக்க வரும். பொருந்தாததைப் போட்டால் கிழிந்துவிடும்.

அடுத்து எலக்ட்ரிக்கல் பெட்டியையும் மோட்டார்களையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். காற்று எந்தப் பக்கம் நுழைகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் வர வேண்டும். கண்டென்சரில் (வெப்பத்தை வெளியே விடும் காயில்) பெரும்பாலும் ஃபேன் மூடியைக் கழற்றி உள்ளிருந்து வெளியே அடிப்பதுதான் முறை. ஹோஸை ஃபின்னுக்கு நேராகப் பிடியுங்கள், சாய்த்துப் பிடிக்க வேண்டாம். பிரஷர் வாஷரை முழு வேகத்தில் அருகில் கொண்டுபோனால் ஃபின் மடிந்து சுவராகிவிடும். அழுக்குப் போன மாதிரி தெரியும், காற்று மட்டும் போகாது. இரண்டு அடுக்குக் காயில் என்றால் அடுக்குகளுக்கு நடுவே பாருங்கள். வெளிமுகம் பளிச்சென்று இருக்க, நடுவில் கம்பளி போலத் தூசி படிந்திருக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் காயிலுக்கென்று விற்கும் காரக் (ஆல்கலைன்) கிளீனரை டப்பாவில் சொன்ன அளவில் கலந்து, கீழிருந்து மேலாகத் தெளியுங்கள். லேபிள் சொல்லும் நேரம் விட்டு, காய்வதற்குள் நுரை அடங்கும் வரை அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வீரியமான ஆசிட் அலுமினியத்தைத் தின்றுவிடும். ‘உடனே வெள்ளையாகிறது’ என்று ஆசைப்படாதீர்கள், அந்த வெள்ளை உலோகம் கரைவதன் அடையாளம். மைக்ரோசேனல் (நுண் துளைகள் கொண்ட தட்டைக் குழாய்) காயிலாக இருந்தால் தயாரிப்பாளர் அனுமதிக்காத ரசாயனம் எதுவும் வேண்டாம், வாக்வமும் தண்ணீரும் போதும்.

டிரெயின்

கூலிங் காயிலிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கும் டிரேயில் சேரும் வழவழப்பு பாசியும் பூஞ்சையும். சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நீர் வெளியேறும் பைப்பை வெட் வாக்வம் கிளீனர் வைத்து வெளிவாயிலிருந்து இழுங்கள். ப்ளீச்சையும் ஆசிட் கிளீனரையும் ஒரே டிரேயில் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டில் ஒன்று போதும்.

பைப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் வழிந்தால் யூ-டிராப்பை (நீர் நின்று காற்றைத் தடுக்கும் ‘யூ’ வடிவ வளைவு) பாருங்கள். ப்ளோயர் காயிலுக்குப் பின்னால் இருந்து இழுக்கும் யூனிட்டில் டிரே இருக்கும் அறையில் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. டிராப் இல்லையென்றால், அல்லது உள்ளே தண்ணீர் வற்றியிருந்தால், வெளிக்காற்று பைப் வழியாக உள்ளே ஏறும். தண்ணீர் இறங்காமல் டிரேயிலேயே நின்று, சிதறி, ப்ளோயர் வரை போகும். யூனிட்டை நிறுத்தியதும் மட்டும் ஒரேயடியாகக் கொட்டினால் இதுதான் காரணம். உள் இழுவை (அந்த அழுத்தக் குறைவு) 25 மி.மீ. உயர நீருக்குச் சமம் என்றால், டிரே வாயிலிருந்து டிராப்பின் வெளிவாய் குறைந்தது 50 மி.மீ. கீழே இருக்க வேண்டும். அதற்குக் கீழே நீர் நிற்கும் ஆழம் 25 மி.மீ. வேண்டும். டிராப்புக்கு அப்பால் பைப் மீட்டருக்கு 10 மி.மீ. வீதம் இறங்கட்டும். வேலை முடிந்ததும் டிராப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்ப மறக்காதீர்கள்.

ப்ளோயர் இதழ்களின் உட்குழிவில் படியும் தூசியையும் சுரண்ட வேண்டும். மெல்லிய படிவம்கூடக் காற்றைக் குறைத்து ஆட்டத்தைக் கூட்டும். பெல்ட்டின் நடுவில் அழுத்தினால், புல்லிகளுக்கு இடையிலான நீளத்தில் 64-ல் ஒரு பங்கு இறங்க வேண்டும். 40 செ.மீ. இடைவெளிக்கு இது சுமார் 6 மி.மீ. தளர்ந்தால் வழுக்கும், இறுக்கினால் பேரிங் போகும். வி-பெல்ட் பக்கச் சுவர்களில்தான் பிடிக்க வேண்டும். புல்லி பள்ளத்தின் அடி பளபளத்தால் புல்லி தேய்ந்துவிட்டது என்று பொருள், அங்கே புது பெல்ட் போட்டும் பயனில்லை. இரட்டை பெல்ட்டை ஜோடியாகவே மாற்றுங்கள். புது பெல்ட் ஒரு நாள் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

மின்சாரத்தில், டெர்மினல்களை இறுக்குவதும் கருகிய கான்டாக்டர் முனைகளை மாற்றுவதும் பழகிய வேலை. பலர் விட்டுவிடுவது வோல்ட் சமநிலை. 415, 412, 403 என்று இருந்தால் சராசரி 410. அதிலிருந்து அதிக விலகல் 7, அதாவது 1.7 சதவீதம். 2 சதவீதத்தைத் தாண்டினால் கம்ப்ரசரை ஓட்டாமல் சப்ளையைச் சரிசெய்ய வேண்டும். வயரைக் கழற்றியிருந்தால் சுழற்சித் திசையையும் பாருங்கள். ப்ளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், ஆனால் மிகக் குறைவாக. ஸ்க்ரோல் கம்ப்ரசர் (சுருள் வடிவத் தகடுகளால் அழுத்தும் வகை) தலைகீழாக ஓடினால் கடகடவென்று சத்தம் வரும், பிரஷர் ஏறாது, உடனே நிறுத்துங்கள்.

மின் சப்ளை வெகுநேரம் நின்றிருந்தால் கிராங்க்கேஸ் ஹீட்டரை (கம்ப்ரசர் எண்ணெயைச் சூடாக்குவது) முதலில் ஓடவிட வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் 12 முதல் 24. இல்லையென்றால் எண்ணெயில் கரைந்த கேஸ் ஸ்டார்ட்டில் நுரைத்து, பேரிங்குக்கு எண்ணெய் எட்டாது.

எல்லா பேனலையும் எல்லா ஸ்க்ரூவும் போட்டு மூடி, 15 நிமிடம் ஓட்டிய பின் முதலில் எடுத்த அளவுகளை மறுபடி எடுங்கள். ரிட்டர்னுக்கும் சப்ளைக்கும் 8 முதல் 11 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் பொதுவாகச் சரி. ஈரப்பதம் மிகுந்தால் கொஞ்சம் குறையும். வித்தியாசம் 11-ஐத் தாண்டினால் காற்று இன்னும் போதவில்லை. குறைந்திருந்தால் இப்போது கேஜ் மாட்டலாம். சக்‌ஷன் இறங்கி சூப்பர்ஹீட் (ஆவியாகும் வெப்பநிலைக்கு மேல் கேஸ் ஏறிய சூடு) ஏறியிருந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம். சக்‌ஷனோடு சூப்பர்ஹீட்டும் இறங்கியிருந்தால் மறுபடி காற்றுப் பக்கம் போங்கள். கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது, எங்கோ கசிகிறது. எண்ணெய்க் கறை படிந்த ஃப்ளேர் (விரித்த குழாய் முனை), பிரேசிங் மூட்டு, வால்வு முனை ஆகியவற்றில் சோப்பு நுரை வைத்துத் தேடி, அடைத்த பிறகே நிரப்புங்கள். கேஸ் ஆர்-410ஏ (இரண்டு கேஸ்களின் கலவை) என்றால் திரவமாகவே ஏற்ற வேண்டும். ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதம் மாறிவிடும்.