முள்ளு குத்துன புண்ணு ஆறலையா?

கம்பமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போற அக்கா, தங்கச்சிகளுக்குச் சொல்றேன். நான் வண்டன்மேட்டுப் பக்கம் 20 வருசமா களை எடுக்கிறவ. ஒருநாள் வேலியோரத்து உண்ணிச்செடி மணிக்கட்டுல கீறிவிட்டுருச்சு. மூணு வாரம் கழிச்சு அந்த இடத்துல ஒரு கட்டி. வலியே இல்ல. அப்புறம் முழங்கையைப் பாத்து மணி கோத்த மாதிரி வரிசையா மேல ஏறுச்சு.

அந்த வரிசையைக் கண்டா கடையில களிம்பு வாங்கிப் பூசிக்கிட்டு இருக்காதீங்க. நான் ரெண்டு மாசம் அப்படித்தான் வீணாக்கினேன். இது மண்ணுலயும் மக்குன செத்தையிலயும் இருக்கிற ஸ்போரோத்ரிக்ஸ்ங்கிற பூஞ்சை. திடமான உடம்பையும் விடாது. பாக்டீரியாவுக்குக் குடுக்கிற மாத்திரை இதைத் தொடாது.

தோல் டாக்டர்கிட்ட மொதல்ல உங்க வேலையைச் சொல்லுங்க, எந்த முள்ளு, எப்பக் குத்துச்சுன்னும் சொல்லுங்க. "சதை எடுத்துப் பூஞ்சை வளத்துப் பாக்கணுமா?"ன்னு நீங்களே கேளுங்க. முடிவு வர வாரக்கணக்காகும். பெரும்பாலும் இட்ராகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்துதான் தருவாங்க, மூணுல இருந்து ஆறு மாசம். கேப்சூலைச் சாப்பாட்டோட முழுங்கணும். அசிடிட்டி மாத்திரை சேத்தா மருந்து சரியா உடம்புல சேராது. மாசமா இருந்தா கட்டாயம் முன்னாடியே சொல்லிருங்க. புண்ணு மூடுனதும் நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்ற வரைக்கும் விழுங்கணும்.

பிரேசில்ல பூனை பிறாண்டியே பரவுதாம். நமக்கு முள்ளுதான். கையுறை, முழுக்கைச் சட்டை போடுங்க. குத்துனா அன்னைக்கே சோப்புப் போட்டுக் கழுவுங்க.