எட்டணாவா, அரை ரூபாயா? பழைய காசுக்குப் பெயர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாணயக் கண்காட்சிகளுக்கு இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. அவர்கள் நீட்டும் ஆல்பங்களைப் புரட்டினால், நாங்களெல்லாம் ஆரம்பத்தில் எழுதிவைத்த அதே பெயர்கள்தான் கண்ணில் படுகின்றன: "ஓட்டைக் காலணா", "ராணி ரூபாய்", "பழைய எட்டணா". புளி போட்டுத் தேய்க்காதே, விளிம்பைப் பிடித்துத் தூக்கு என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன். பெயரில் நடக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் பேசலாம். கைக்காசு போவது பெரும்பாலும் அங்கேதான்.

அரை ரூபாயை எட்டணா என்று எழுதுவது

பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு முடிந்தது. ஆனால் பேச்சில் அது போகவே இல்லை. காண்டாமிருகம் போட்ட 25 பைசாவை, 2011 ஜூன் 30-க்குப் பிறகு அது செல்லாமல் போகும்வரை, நாலணா என்றுதான் சொன்னோம். கடைத்தெருவில் இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. சேகரிப்பில்தான் நஷ்டம்.

ஐந்தாம் ஜார்ஜ் காலத்து அரை ரூபாய் வெள்ளிக் காசு. எடை 5.83 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. பின்பக்கம் ஆங்கிலத்தில் "ஹாஃப் ருப்பி" என்று எழுத்தில் இருக்கும். முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் அரசு செம்பும் நிக்கலும் கலந்த காசுகளுக்குப் போனது. 1918-இல் சதுரமாக இரண்டணா வந்தது. 1919-இல் நாலணாவும் எட்டணாவும் வந்தன. இந்த நாலணா 1921 வரைக்கும்தான். எட்டணாவில் 1919, 1920 என்ற இரண்டே ஆண்டுகள் உண்டு. பிரிட்டிஷ் இந்தியக் காசுகளில் 8 அணா என்று எண்ணாகவே பொறித்தது அது ஒன்றுதான். நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம். ஆக, ஒரே ராஜாவின் ஆட்சியில் ஒரே மதிப்புக்கு இரண்டு தனித்தனிக் காசுகள். நம் பேச்சில் இரண்டுமே எட்டணா.

கல்லூரி முடித்த ஒரு தம்பி என்னிடம் வருவான். ஐந்தாம் ஜார்ஜ் வரிசையை முழுதாகச் சேர்க்க வேண்டும் என்று ஆசை. ஒரு வியாபாரியிடம் "ஜார்ஜ் எட்டணா ஒன்று வேண்டும்" என்று போனில் சொல்லி, படம்கூடக் கேட்காமல் பணத்தை அனுப்பிவிட்டான். அவன் மனதில் இருந்தது 1919 செம்பு-நிக்கல் எட்டணா. விலையும் அதற்கேற்ற விலைதான். தபாலில் வந்தது தேய்ந்துபோன வெள்ளி அரை ரூபாய். கேட்டதற்கு, "எட்டணாதானே தம்பி கேட்டீங்க, இது எட்டணா இல்லையா?" என்று பதில். அந்தப் பதிலில் குற்றம் சொல்ல இடமே இல்லை. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அடங்கவில்லை. அந்த ஆளுக்கு இரண்டும் வேறு என்று நன்றாகத் தெரியும். இவ்வளவு விலை கொடுக்கிறவன் எதைத் தேடுகிறான் என்றும் தெரியும். பையன் சொன்ன பேச்சுப் பெயர் அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

இது தலைகீழாகவும் நடக்கும். தாத்தாவின் பெட்டியில் இருந்த காசுகளைக் கவரில் போட்டு, மேலே "எட்டணா - 40" என்று எழுதி விற்க வருகிறார்கள். உள்ளே எத்தனை வெள்ளி, எத்தனை நிக்கல் என்று விற்கிறவருக்கே தெரியாது. நாலணாவில் குழப்பம் இன்னும் அதிகம். விக்டோரியா வெள்ளிக் கால் ரூபாய், 1919-இன் நாலணா, ஆறாம் ஜார்ஜின் பாதி வெள்ளிக் கால் ரூபாய், 1946, 1947 நிக்கல், குடியரசின் கால் ரூபாய், 25 நயா பைசா, 25 பைசா என எல்லாமே அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன.

அதனால் ஹோல்டரில், அதாவது காசை வைக்கும் அட்டை உறையில், எழுதும்போது காசில் இருக்கிற மதிப்பை அப்படியே பார்த்து எழுதுங்கள். கூடவே ஆண்டு, ஆட்சியாளர், உலோகம். வாங்கும்போதும் இதே நான்கையும் எழுத்தில் கேளுங்கள், இரண்டு பக்கப் படத்தோடு. போனில் வாயால் பேசி முடிக்காதீர்கள்.

வெள்ளி ரூபாய்

ராஜா தலை இருந்தால் வெள்ளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1939 வரையிலான 11.66 கிராம் ரூபாயில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம் இருக்கும். 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல். பின்பக்கம் புலி இருக்கும், காந்தத்தில் ஒட்டும். மூன்றையும் ஒரே தட்டில் கொட்டி எடை போட விடாதீர்கள்.

ராணி ரூபாய்

எந்த ராணி ரூபாய்? 1876 வரை "விக்டோரியா குவீன்", 1877 முதல் "விக்டோரியா எம்பிரஸ்". எழுத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள். 1862 என்று ஆண்டு போட்ட ரூபாய் அந்த ஒரு வருஷத்துக் காசு என்றும் நினைக்க வேண்டாம். 1874 வரை அதே ஆண்டைப் போட்டுத்தான் அடித்தார்கள். பின்பக்கத்துப் புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிக்க வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும், நல்ல லென்ஸும் வேண்டும்.

ஓட்டைக் காலணா

மதிப்பு காலணாதான். ஆனால் காசில் "1 பைஸ்" என்று இருக்கும். 1943 முதல் 1947 வரை, போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்தது. கேட்லாக்கில், அதாவது காசுப் பட்டியல் புத்தகத்தில், கால் அணா வரிசையில் தேடினால் 1942-ஓடு நின்றுவிடுவீர்கள். அப்புறம், குதிரை போட்ட குடியரசுக் காசும் "1 பைஸ்"தான். அது 1950-இல் தொடங்கியது.

நயா பைசா, பைசா

1964 ஜூன் 1-இல் "நயா" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். 1963 வரையிலான காசுக்கு நயா பைசா, பிந்தியதற்கு பைசா.

தம்பிடி

காசில் 1/12 அணா. அப்படியே எழுதுங்கள். அரை பைஸ் வேறு காசு, ஒன்றரைத் தம்பிடி பெறும்.

கம்பெனிக் காசு

ராமர் பட்டாபிஷேகம், அனுமன், அடியில் "ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818" என்று போட்ட அரை அணாவைக் "கம்பெனிக் காசு" என்று லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அணாவில் மதிப்புப் போட்டு கம்பெனி பொதுவான செம்புக் காசு அடித்ததே 1835-இலிருந்துதான். நம் பக்கத்தில் 1803-இலும் 1808-இலும் வந்த உண்மையான கம்பெனிக் காசில் 10 காசு, 20 காசு என்று ரோமன் எண்ணில் மதிப்பு இருக்கும். சாமி படம் போட்டது பிற்காலத்து வில்லை, செலாவணிக் காசே இல்லை. காசுக்கு அபூர்வ சக்தி உண்டு, அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பழைய காசை வாங்குவதாகவும் விற்பதாகவும் சொல்லி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

பேச்சுப் பெயரைத் தூக்கி எறிவது

இதுவும் தவறுதான். கொஞ்சம் படித்ததும் சிலர் ஊருக்குப் போய் "குவார்ட்டர் அணா இருக்கா பாட்டி?" என்று கேட்கிறார்கள். பாட்டி இல்லை என்றுதான் சொல்வார்கள். ஓட்டைக் காலணா, தம்பிடி, துட்டு என்று கேளுங்கள். பெட்டியைத் திறந்து காட்டும்போது எந்தக் காசை எந்தப் பெயரில் சொல்கிறார்கள், அதற்கு என்ன வாங்கினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹோல்டரின் முன்பக்கம் காசில் உள்ள பெயர், பின்பக்கம் பாட்டி சொன்ன பெயர். எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், ஏனென்றால் துட்டு என்று சொல்வதற்கு ஊருக்கு ஊர் கணக்கு மாறும்.