ஃபைபர் படகில் விரிசலா? புட்டியை அப்புறம் எடுங்கள்

காசிமேட்டில் கரையேற்றி வைத்த ஃபைபர் படகுகளைப் பார்த்தால், விரிசல் மேல் புட்டி பூசி பெயின்ட் அடித்த இடமே மறுபடி விட்டிருப்பது கண்ணில் படும். புட்டி என்பது ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவம்) டால்க் மாதிரி பவுடரைக் குழைத்தது, பவுடர் சேர்ந்தால் விறைப்பு கூடும், ஆனால் இழுவை வந்தால் சட்டென்று உடையும். அலை அடிக்கும்போது பாரத்தைச் சுமப்பது கண்ணாடி இழைதான், விறைப்பில் அது ரெசினைவிட சுமார் 20 மடங்கு. ஒரு இழையின் பாரத்தைப் பக்கத்து இழைக்குக் கைமாற்றுவதுதான் ரெசினின் வேலை. அதனால் இழை அறுந்த இடத்தில் புது இழை வைக்காமல் என்ன பூசினாலும் வீண்.

முதலில் விரிசலைச் சுற்றி நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்காமல் பொத்தென்று கேட்கும் இடமெல்லாம் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது, சாக்பீஸால் வட்டம் போடுங்கள். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது.

அப்புறம் கிரைண்டர், மாஸ்க் கண்டிப்பாக. அவசரப்படுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்: விரிசலை மட்டும் தோண்டாமல் இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்க்க வேண்டும், தகட்டின் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்கு, அதாவது 6 மி.மீ. கனம் என்றால் பக்கத்துக்கு 7 செ.மீ. போல. சரிவு குறைந்தால் பழைய இழையிலிருந்து புதியதற்குப் பாரம் இறங்க இடமில்லாமல் ஒட்டின ஓரமே பிய்ந்துகொள்ளும்.

தூசியைத் துடைத்து அசிட்டோன் போட்டுவிட்டு ரெசின் கலக்குங்கள். கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்), சித்திரை வெயிலில் குறைந்த அளவே போதும், இல்லையென்றால் டப்பாவிலேயே இறுகிவிடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்து முடித்த பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும்.

புது இழையாக வைக்கும் மேட் (கண்ணாடி இழைப் பாய்) எடைக்கு இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போதும். ரெசின் கூடினால் பலம் கூடாது, நொறுங்குகிற பகுதிதான் கூடும். ஒவ்வொரு அடுக்கையும் ரோலரால் அழுத்தி வெள்ளைப் புள்ளி மறையும் வரை காற்றை வெளியேற்றுங்கள். நாலைந்து அடுக்கு போட்டதும் நிறுத்தி, சூடு தணிந்த பிறகு மீதியைப் போடுங்கள். பழைய கனம் வந்து இறுகினதும் மேடு பள்ளம் சரிசெய்யப் புட்டி, அதற்கு மேல் பெயின்ட்.