ஷானன் கப்பலின் கதையை எழுதுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

ஷானன் என்றதும் எல்லோரும் நேராக 1813 ஜூன் 1-க்கு ஓடிவிடுகிறார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் போரில் இருந்த அந்த நாளில் பாஸ்டனுக்கு வெளியே அமெரிக்காவின் செசபீக் கப்பலை இந்தப் பிரிட்டிஷ் பாய்மரக் கப்பல் கால் மணி நேரத்துக்குள் மடக்கிப் பிடித்தது. விறுவிறுப்பான சண்டைதான், மறுக்கவில்லை. ஆனால் கேப்டன் பிலிப் புரூக் ஷானனில் பொறுப்பேற்றது 1806-இல். அந்த ஏழு வருடங்களை ஒரே பத்தியில் தாண்டிவிட்டால், சண்டை ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்பது கடைசிவரை விளங்காது.

புரூக் தன் ஆட்களுக்கு ஓயாமல் பீரங்கிப் பயிற்சி கொடுத்தார். குறிபார்க்கும் கருவிகளைச் சொந்தக் காசில் பொருத்தினார். பிடிபட்ட வணிகக் கப்பலை ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு அனுப்பினால் பரிசுப் பணம், அதாவது பிடித்த கப்பலின் மதிப்பில் ஒரு பங்கு, கிடைக்கும். ஆனால் அதை ஓட்டிப் போக ஷானனிலிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும். ஆள் போனால் பழகிய பீரங்கிக் குழு கலைந்துவிடும். அதனால் பல கப்பல்களை எரித்தே விட்டார். அவர் பங்கோடு மாலுமிகளின் பங்கும் சேர்ந்தே போனது. துறைமுகம் வந்து சேர்ந்த கப்பல்களை மட்டும் எண்ணிவிட்டு, 'பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை' என்று முடிவுகட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது 'முற்றுகை' விவகாரம், அதாவது எதிரித் துறைமுகங்களுக்குக் கப்பல் போக்குவரத்தைத் தடுப்பது. எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். 1813-இல் பாஸ்டனின் வணிகம் முழுவதும் முடக்கப்பட்டதாக எழுதிவிடுகிறார்கள். செசபீக் (இது கப்பல் அல்ல, அதே பெயர் கொண்ட விரிகுடா), டெலவேர் விரிகுடாக்களும் பிறகு நியூயார்க் போன்ற துறைமுகங்களும் அறிவிக்கப்பட்ட முற்றுகைக்குள் வந்தது உண்மை. பாஸ்டன் இருக்கும் நியூ இங்கிலாந்துக் கரையோ 1814 ஏப்ரல் வரை அந்த அறிவிப்பில் இல்லை. ஸ்பெயினில் போரிட்ட பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படைக்கு அமெரிக்கத் தானியம் தேவைப்பட்டது. போரை விரும்பாத அந்த மாநிலங்களைப் பகைத்துக்கொள்ளவும் லண்டனுக்கு மனமில்லை. ஆக, ஷானன் அங்கே நின்ற முக்கியக் காரணம் துறைமுகத்துக்குள் இருந்த அமெரிக்கப் போர்க்கப்பல்களைக் கண்காணிப்பது. அந்தக் காவலும் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் பிரெசிடென்ட், காங்கிரஸ் என்ற இரண்டு கப்பல்கள் நழுவி வெளியேறிவிட்டன. அப்படியும் மே மாதம் துணைக்கப்பலான டெனடோஸை புரூக் அனுப்பிவிட்டார். இரண்டு கப்பல்கள் நின்றால் செசபீக் வெளியே வராது என்பது அவர் கணக்கு.

அவர் எழுதிய சவால் கடிதத்தைப் படித்து ரோஷப்பட்டு செசபீக்கின் கேப்டன் ஜேம்ஸ் லாரன்ஸ் புறப்பட்டார் என்ற கதையையும் விட்டுவிடலாம். கடிதம் போய்ச் சேருமுன்பே அவர் பாய் விரித்துவிட்டார்.

ஷானனைச் சொல்லும் '38 பீரங்கிக் கப்பல்' என்பது தரவரிசை எண் மட்டுமே. கரோனேட் என்ற குட்டைப் பீரங்கிகள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேராது. ஷானனில் உண்மையில் இருந்தவை 50-ஐ ஒட்டி.

தேதியிலும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை 1805-இலேயே நள்ளிரவில் தொடங்கும் நாளுக்கு மாறிவிட்டது. அமெரிக்கர்கள் 1848 வரை கடலில் நண்பகலிலிருந்து நண்பகல் வரை ஒரு நாள் என்று எழுதினார்கள், அதுவும் முந்தைய நண்பகலிலேயே நாளைத் தொடங்கி. அந்த முறையில் ஜூன் 1 பிற்பகலில் நடந்தது ஜூன் 2 என்று பதிவாகும். இரு தரப்புக் கப்பல் குறிப்பேடுகளையும் அப்படியே அருகருகே வைத்தால் ஒரே சம்பவம் இரண்டாகத் தெரியும்.

1857-இல் லக்னோவுக்குப் பீரங்கிகளை இழுத்துப்போன மாலுமிகள் வேறொரு ஷானனைச் சேர்ந்தவர்கள். அது வில்லியம் பீலின் நீராவிக் கப்பல். நம்முடைய ஷானன் 1844-இலேயே செயின்ட் லாரன்ஸ் என்று பெயர் மாறி, 1859-இல் உடைக்கப்பட்டது.

படம் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கும் டிரிங்கோமலி கைகொடுக்கும். நம் திருக்கோணமலையின் பெயர்தான். பம்பாயில் தேக்கால் கட்டி 1817-இல் மிதக்கவிட்ட இதுவும் ஷானனும் லீடா என்ற ஒரே வடிவமைப்பு வகை. ஆனால் 1840-களில் இதன் பின்புறத்தை மாற்றிக் கட்டிவிட்டார்கள். அந்தப் பகுதியை மட்டும் அப்படியே ஷானனுக்கு வரைந்துவிடாதீர்கள்.